பூச்சிக்காரி வளர்த்த பல்லி

மாலாங் ஊர் பறவைச் சந்தையில் என் மனைவி வார்தினி பூச்சி விற்கத் தொடங்கி இருபது வருஷம் ஆகிறது. சுவர்க்கோழிப் பூச்சி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, முப்பது மரப்பெட்டிகளில் முட்டை அட்டைகளை அடுக்கி வளர்க்கிறாள். உள்ளே போனால் இரைச்சலில் காது அடைத்துவிடும். ஒரு பிடி பூச்சியை அள்ளி உள்ளங்கையில் விட்டால், இது ஏழு நாள், இது பன்னிரண்டு நாள், இது நாளைக்கு இறக்கை கட்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். எங்கள் பக்கம் எத்தனையோ பேர் பூச்சி வளர்க்கிறார்கள், இப்படிச் சொல்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. என் மனைவி என்பதால் சொல்லவில்லை. சரி, அதனாலும்தான் சொல்கிறேன்.

நான் பறவைக்காரன். குஸ்வாதி என்றால் கிழக்கு ஜாவாவில் சோலைபாடிப் பறவை வளர்க்கிற எவனுக்கும் தெரியும். பறவைப் பாட்டுப் போட்டியில் முப்பது கோப்பை வாங்கியவன். என் பறவைகள் தின்று வளர்ந்ததெல்லாம் வார்தினியின் பூச்சிதான். ஆனால் எவனாவது வந்து, உங்கள் பறவை மட்டும் எப்படி இப்படிப் பாடுகிறது என்று கேட்டால், கைராசி என்று மீசையைத் தடவிக்கொள்வேன். தீனியைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானாகச் சொன்னதும் இல்லை. சந்தையில் அவளுக்குப் பெயரே கிடையாது. பூச்சிக்காரி, அவ்வளவுதான். பூச்சிக்காரி வந்தாயிற்றா என்று என்னிடமே கேட்பார்கள், நானும் வந்தாயிற்று என்பேன்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் சந்தைக்குப் புது ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள். பறவைக்கு அல்ல, பல்லிக்குப் பூச்சி வாங்க. வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை, இது சிறுத்தைப்பல்லி. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, சுவரில் ஏறத் தெரியாது, மனுஷனைப் போலக் கண்ணை மூடித் திறக்கும், உடம்பின் கொழுப்பையெல்லாம் வாலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். காசு கொடுத்துப் பல்லி வாங்குகிற காலமும் வந்துவிட்டதே என்று நாங்கள் பறவைக்காரர்கள் சிரித்தோம். வார்தினி சிரிக்கவில்லை. அவள் வியாபாரத்தில் பாதி அந்தப் பிள்ளைகளால்தான் நடந்தது.

போன வருஷம் அந்தப் பாதி ஒரே வாரத்தில் காணாமல் போனது. கல்லூரிப் பக்கம் ரெண்டி என்று ஒரு இளைஞன் பல்லி, ஆமை விற்கிற கடை வைத்திருக்கிறான். அவனிடம் வாங்கிய பல்லி ஒன்று ஒரு மாணவியிடம் செத்துப்போனது. ரெண்டி செத்த பல்லியின் படத்தைப் போட்டு, பல்லி வளர்ப்பவர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டான்: பறவைச் சந்தைப் பூச்சிக்காரியிடம் வாங்காதீர்கள், அவள் பூச்சி விஷம், அதைத் தின்றுதான் செத்தது. சுற்றி வந்து அந்தச் செய்தி என் போனுக்கும் வந்தது. வார்தினி இரண்டு தரம் படித்தாள். போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் வீடு எங்கே என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்றாள்.

நான் சண்டைக்குத் தயாராகத்தான் வண்டியை எடுத்தேன். அவள் சண்டைக்குப் போகவில்லை. நாதியா என்ற அந்த மாணவி பயந்துபோய் நின்றாள். வார்தினி அவள் தோளைத் தட்டி, செத்த பல்லியின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். கால்கள் வளைந்திருந்தன, தாடை ரப்பர் போலத் தொங்கியது. பூச்சியின் மேல் ஏதாவது பொடி தூவிக் கொடுத்தாயா என்று கேட்டாள். வெறும் பூச்சிதான் கொடுத்தேன், கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள் அந்தப் பெண். திரும்பி வரும் வழியில், பாலத்தருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள் வார்தினி.

"அவன் சொன்னதுல கால் பங்கு நெஜம் மாஸ்," என்றாள். என்னை மாஸ் என்றுதான் கூப்பிடுவாள், ஜாவாவில் அண்ணனையும் புருஷனையும் அப்படித்தான் அழைப்பார்கள். "என் பூச்சியில வெஷம் இல்ல. ஆனா சுண்ணாம்புச் சத்தும் இல்ல. எலும்பு கரைஞ்சுதான் அது செத்திருக்கு. இத்தன நாளா வித்திருக்கேன், வாங்குறவங்ககிட்ட இத நான் சொன்னதே இல்ல."

விட்டுத் தள்ளு என்றேன். பறவைக்காரர்கள் இருக்கிறார்களே, அது போதாதா என்றேன். அவள் வண்டியை ரெண்டி கடைக்கு விடச் சொன்னாள்.

கடை நிறைய பிள்ளைகள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால், கடையில் இருப்பதிலேயே சோனியான பல்லிக் குட்டி எது என்று கேட்டாள். ரெண்டிக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மூலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தான். உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்று சுருண்டு கிடந்தது. வால் தீக்குச்சி மாதிரி. இது யாரும் வாங்காதது, தேறாது என்று அவனே சொன்னான்.

"அஞ்சு மாசத்துல ஊர்ல பல்லிப் போட்டி இருக்குல்ல," என்றாள் வார்தினி. "இத என் பூச்சிய மட்டும் போட்டு வளத்து, நீங்க எல்லாரும் பாக்குற மாதிரி அங்க கொண்டாந்து நிறுத்துறேன். கால் கோணலா இருந்தாலோ, செத்துப்போனாலோ, முப்பது பெட்டியையும் காலி பண்ணிட்டு சந்தையில கால் வெக்க மாட்டேன்."

குட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். ஒரு பல்லிக்காகப் பத்தொன்பது வருஷத்துப் பிழைப்பைப் பந்தயம் வைப்பார்களா? அவள் பூச்சி முட்டைகளை எடை போட வைத்திருக்கும் சின்னத் தராசில் குட்டியை விட்டுக்கொண்டிருந்தாள். நாலரை கிராம். சுவர் நாட்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் அதை எழுதினாள்.

பெயர் வைக்கிற உரிமையாவது எனக்கு இருக்கட்டும் என்று, செமெரு மலையின் மின்னல் என்றேன். எங்கள் பறவைகளுக்கெல்லாம் அப்படித்தான் இடி, புயல், எரிமலை என்று பெயர். அவள் லெம்பர் என்று வைத்தாள். வாழையிலையில் சுருட்டுகிற பசையரிசிக் கொழுக்கட்டைக்குத்தான் லெம்பர் என்று பெயர். வால் அந்த அளவுக்குத் திரள வேண்டுமாம்.

இனி நான் செய்த கோளாறுகளைச் சொல்ல வேண்டும். மறைக்கலாம் என்றுதான் பார்த்தேன், சொல்லாமல் அவள் பெருமையை முழுசாகச் சொல்ல முடியாது.

முதல் கோளாறு சின்னது. பறவைக்குப் பூச்சி கொடுக்கும்போது பின்னங்கால்களைப் பிய்த்துவிட்டுத்தான் கொடுப்போம், தொண்டையில் உதைத்துவிடும் என்று. பழக்க தோஷத்தில் லெம்பருக்கும் அப்படியே ஐந்து பூச்சிகளைக் கால் பிய்த்துப் போட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நான் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தபோது, வார்தினி வந்து முழுப் பூச்சி ஒன்றை உள்ளே விட்டாள். பூச்சி ஓடியதும் லெம்பர் தலையைத் தூக்கியது. வால் நுனி மட்டும் நெளிந்தது. அடுத்த நொடி பூச்சியைக் காணோம். ஓடாத தீனி அதற்குத் தீனியே இல்லை, துரத்திப் பிடித்தால்தான் ருசி.

அவளுடைய வளர்ப்பு முறையைப் பார்த்தால், போட்டிப் பறவைக்குக்கூட நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை என்று தோன்றும். பல்லியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் கடையில் கிடைத்த அளவை வாங்கிப் போடுவார்கள். இவளிடம் ஒவ்வொரு வயதிலும் ஒரு பெட்டி இருக்கிறதே! முதல் வாரம் எட்டு நாள் பூச்சி, அடுத்து பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று குட்டியின் தலை பெருக்கப் பெருக்கப் பூச்சியின் வயதும் ஏறியது. மறுநாள் கொடுக்க வேண்டிய பூச்சிகளை முந்தின நாளே தனி டப்பாவில் போட்டுக் கேரட்டும் பூசணியும் கடுகுக் கீரையும் வயிறு முட்டத் தின்னவிடுவாள். பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் பல்லியின் வயிற்றுக்குப் போகும் என்பாள்.

சுண்ணாம்புச் சத்துக்கு அவள் எங்கேயும் அலையவில்லை. என் பறவைக் கூண்டுகளில் அலகு தீட்டத் தொங்கவிட்டிருந்த கணவாய் ஓடுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். தேங்காய்த் துருவியில் துருவி, சல்லடையில் சலித்து, அந்தப் பொடியையும் பூச்சிகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்குவாள். பூச்சிகள் சர்க்கரையில் புரட்டினது போல வெள்ளையாக வெளியே வரும். அதோடு கால்நடை மருத்துவரிடம் கேட்டு, வாரம் இரண்டு நாள் வைட்டமின் பொடியும் சேர்த்தாள். டப்பாவில் நான் மணல் கொட்டப் பார்த்தேன், பாலைவனத்துப் பிராணி ஆயிற்றே என்று. பூச்சியோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும் என்று தடுத்துக் காகிதம் விரித்தாள். டப்பாவின் ஒரு முனை, பூச்சி முட்டை பொரிக்கிற சூட்டுப் பெட்டியின் மேல் இருக்கும்; மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சூடு வேண்டுமானால் இந்தப் பக்கம், வேண்டாமென்றால் அந்தப் பக்கம், அது பாட்டுக்குப் போய்க்கொள்ளும். தின்னாமல் மிச்சம் வைத்த பூச்சியை ஒன்று விடாமல் பொறுக்கிவிடுவாள். பசித்த பூச்சி, தூங்குகிற குட்டியைக் கடித்துவிடுமாம்.

ஒன்றரை மாதத்தில் லெம்பர் பதினொரு கிராம். வாலில் பிடிமானம் வந்துவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது. கெடுத்தது அந்த ஆசைதான்.

பறவைக்காரனுக்கு விடிந்தால் முதல் வேலை, கூண்டுகளை முற்றத்துக் கம்பத்தில் ஏற்றி வெயில் காட்டுவது. வெயில் படாத பறவைக்குக் குரல் ஏறாது, எலும்பும் தேறாது. இருபது வருஷமாக இதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வார்தினி சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில், பாவம் இந்தக் குட்டி வெயிலே பார்த்ததில்லையே என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பத்தடியில் வைத்தேன். மூடி போட்ட, கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் டப்பா. பறவைகளைக் குளிப்பாட்டப் போனேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து பார்த்தால் லெம்பர் வாயைப் பிளந்துகொண்டு ஒருக்களித்துக் கிடக்கிறது. டப்பாவின் உள்பக்கம் கை வைக்க முடியாத சூடு.

டப்பாவை நிழலுக்கு இழுத்து மூடியைத் திறந்தேன். அவளுக்குப் போன் செய்தேன், என்ன உளறினேன் என்று நினைவில்லை. வாடகை பைக்கில் வந்து இறங்கினாள். குட்டியை எடுத்து ஈரத்துணியின் மேல் கிடத்தினாள். மூக்கு நுனியில் விரலால் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் வைத்தாள். ஐஸ் வைக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். நெடுநேரம் கழித்துச் சின்ன நாக்கு வெளியே வந்து ஒரு சொட்டை நக்கியது. அதற்குப் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பறவ வெயில் சுட்டா கம்பியில நகந்து உக்காரும். காத்தும் போகும் வரும். இது எங்க போவும் மாஸ்?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுத் தப்பித்திருப்பேன்.

ஆறு நாள் அது ஒன்றும் தின்னவில்லை. பதினொன்று பத்தானது, பத்து ஒன்பதானது. நாட்காட்டியின் பக்கம் போகவே எனக்குக் கால் கூசியது. லெம்பர் போனால் போவது ஒரு பல்லி இல்லை, முப்பது பெட்டிகள், அவள் பத்தொன்பது வருஷத்துப் பெயர். சந்தையில் இதைச் சொல்லிவிடாதே என்று வேறு அவளிடம் கெஞ்சியிருந்தேன், வெட்கம் கெட்டவன். பறவைக்காரன் குஸ்வாதி பல்லியை வெயிலில் சுட்டான் என்று தெரிந்தால் எவன் மதிப்பான்? அவளும் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாலை மங்கினதும் ஒரே ஒரு பூச்சியை உள்ளே விட்டுவிட்டுக் காத்திருப்பாள். தின்னாவிட்டால் எடுத்துவிடுவாள். வாயைத் திறந்து திணி என்று நான் சொன்னபோது, அதுக்குத் தானா தோணணும் என்றாள்.

ஏழாம் நாள் நான் முற்றத்தில் கூண்டுகளுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தேன். வார்தினி பின்கதவில் வந்து நின்று, "தின்னுடுச்சு," என்றாள். நான் துணியைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐம்பது வயதுக்காரன், ஒரு பல்லி பூச்சி தின்றதற்குக் கண் கலங்கி நிற்கிறேன்.

பிறகு அது நிற்கவே இல்லை. பதினைந்து, இருபத்திரண்டு, முப்பது. தினமும் கொடுத்ததை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கினாள். பழைய வெண்ணெய் டப்பாவில் ஓட்டை போட்டு, ஈரத் தேங்காய்நாரை அடைத்து ஒரு மூலையில் வைத்தாள். தோல் உரிக்கிற நாளில் லெம்பர் தானாகவே அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கால்கள் நாலும் தூண் மாதிரி நேராக நின்றன. வால் நிஜமாகவே லெம்பர் ஆனது. சந்தையில் என் கூட்டாளிகள், பாக் குஸ், அதாவது குஸ் ஐயா, பறவையை விட்டுப் பல்லிக்கு மாறிவிட்டார் என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். நான் போனில் லெம்பரின் படத்தைக் காட்டாத ஆளே சந்தையில் இல்லை.

போட்டிக்குப் பெயர் கொடுக்கிற வேலையை மட்டும் என்னிடம் விட்டாள். கல்லூரிப் பக்கம் போய்ப் பதிவுத் தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போட்டி நாள் காலையில் டப்பாவைத் திறந்தால் லெம்பர் வெளுத்துப் போயிருக்கிறது. மஞ்சளும் இல்லை, புள்ளியும் இல்லை, சாம்பலில் புரண்ட மாதிரி. இதைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள், வர முடியவில்லை என்று போன் பண்ணிவிடலாம் என்றேன்.

"தோல் உரிக்கிறது நோயா?" என்றாள் அவள். "வளர்ற உடம்பு உரிக்கத்தான் செய்யும். நான் என்ன வெவரம் கெட்டவங்களுக்கா காட்டப் போறேன்?"

பெரிய கடைவளாகத்தின் மேல்மாடியில் போட்டி. எங்கள் பறவைப் போட்டியில் தொண்டை கிழியக் கத்துவோம்; இங்கே பிராணிகள் மிரளும் என்று எல்லோரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் ஒருதரம் பழக்கத்தில் 'ஏய் லெம்பர்' என்று குரல் கொடுக்க, காவலாளி வந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போனான். ரெண்டிதான் பரிசு வழங்குகிறவன், மைக்கும் அவன் கையில்தான். எங்கள் மேசைக்கு வந்து வெளுத்த லெம்பரைப் பார்த்தான். அவன் முகத்தில் கேலி இல்லை, பரிதாபம் இருந்தது. எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

"இபு, அடுத்த தடவ பாத்துக்கலாமே," என்றான். எங்கள் பக்கம் அம்மா என்பதற்குத்தான் இபு.

"இந்தத் தடவையே பாருங்க," என்றாள் வார்தினி.

நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் நிங்ரும் என்ற பெண், கால்நடை மருத்துவர். அவர்கள் இரண்டாவது மேசையில் இருக்கும்போது லெம்பர் மூக்கைக் காகிதத்தில் தேய்க்க ஆரம்பித்தது. உதட்டோரம் தோல் கிழிந்தது. அதை வாயால் கவ்வி இழுத்தது. சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவது போல வெள்ளைத் தோல் மடங்கி மடங்கிப் பின்னால் போக, உள்ளிருந்து புது மஞ்சள் வந்தது. கழற்றினதைக் கழற்றக் கழற்றத் தின்றது. நடுவர்கள் எங்களிடம் வந்தபோது பின்னங்கால்களும் வாலும் பாக்கி. உதவி நடுவர் ஒருவர் அடுத்த மேசைக்குப் போகப் பார்த்தார். டாக்டர் நிங்ரும் அவரைத் தடுத்து, கொஞ்சம் நில்லுங்கள் என்றார். நின்றார்கள். பக்கத்து மேசைக்காரர்களும் வந்து நின்றார்கள். கடைசியில் வால் தோல் உறை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது.

டாக்டர் லெம்பரைக் கையில் ஏற்றினார். தாடையை விரலால் மெல்ல அழுத்தினார். முதுகெலும்பைத் தடவினார். பிறகு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். விரலில் பழைய தோல் ஒட்டிக்கொண்டால் விரலே உதிர்ந்துவிடும், வளர்ப்பு சரியில்லாத பல்லிகளுக்கு அப்படித்தான் நடக்கும்.

"இருபது வெரலும் சுத்தம்," என்றார் சத்தமாகவே. "தராசுல நாப்பத்தோரு கிராம். இபு, என்ன தீனி போட்டீங்க?"

"என் பூச்சி. சந்தையில நான் விக்கிறேனே, அதே பூச்சி. கணவாய் ஓட்டுப் பொடி தூவி," என்றாள். சுற்றி நின்ற பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் ரெண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிவு அறிவித்தபோது முதல் இடம் சுரபாயாவிலிருந்து வந்த ஒரு வெள்ளைப் பல்லிக்குப் போனது. என்னைக் கேட்டால் அதன் வால் லெம்பரின் வாலுக்கு உறை போடக் காணாது, ஆனால் என்னை யார் கேட்டார்கள். அடுத்து ரெண்டி தாளைப் பார்த்துப் படித்தான்.

"ரெண்டாம் இடம், லெம்பர். உரிமையாளர், பாக் குஸ்வாதி."

எழுந்து பாதி நிமிர்ந்திருந்த வார்தினி மறுபடி உட்கார்ந்தாள்.

தப்பு என்னுடையதுதான். தாளை நிரப்பும்போது உரிமையாளர் என்ற இடத்தில் கை தானாக என் பெயரை எழுதியிருக்கிறது, இருபது வருஷமாக எழுதின கை. கூட வந்திருந்த என் பறவைக் கூட்டாளிகள் பின்வரிசையில் கைதட்டினார்கள். "குஸ் கை பட்டா பல்லிகூட ஜெயிக்குதுப்பா," என்று ஒருவன் சொன்னது இங்கே கேட்டது. நான் வார்தினியைப் பார்த்தேன். அவள் லெம்பர் டப்பாவின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், மூடி சரியாகத்தான் இருந்தது.

மேடைக்குப் போனேன். ரெண்டி கோப்பையை நீட்டினான், நான் மைக்கை வாங்கினேன்.

"இது என் பல்லி இல்ல," என்றேன். "நான் இதுக்கு செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். பறவைக்கு வெயில் காட்டுற மாதிரி வெயில்ல வெச்சேன், சாகக் கெடந்தது. காப்பாத்துனது என் சம்சாரம். நாலரை கிராமுல இருந்து வளத்ததும் அவதான். என் வீட்டுல முப்பது கோப்ப இருக்கு. அந்தப் பறவைங்க தின்னதும் அவ பூச்சிதான். அத நான் இன்னிக்கி வரைக்கும் ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல. ரெண்டி, பேர மாத்திப் படி."

ரெண்டி மைக்கை வாங்கிக்கொண்டு தாளைப் பார்த்தான். அந்தப் பையனுக்கு அவள் பெயர் தெரியாது. மைக்கை மூடிக்கொண்டு என்னிடம் கேட்டான். சொன்னேன்.

"ரெண்டாம் இடம், லெம்பர்," என்று மறுபடி படித்தான். "உரிமையாளர், இபு வார்தினி." தாளை மடித்துப் பையில் வைத்தான். "தீனி, இபு வார்தினியோட பூச்சி. அதுல வெஷம்னு நான் எழுதுனது தப்பு."

அவள் மேடைக்கு வந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மைக்கை ஒரு கையால் பிடித்து, "கணவாய்ப் பொடி தூவாம யாரும் குடுக்காதீங்க," என்றாள். "எப்படித் தூவணும்னு தெரியலன்னா கடைக்கு வாங்க, காட்டுறேன். திங்கக்கெழம லீவு." அவ்வளவுதான் பேச்சு, இறங்கிவிட்டாள். அந்த அமைதியான மண்டபத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஜனங்கள் சத்தம் போட்டார்கள். நான் எல்லோரையும் விடச் சத்தம் போட்டேன், காவலாளி ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் கூண்டுகளோடு சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் கடை முன்னால் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். முன்னால் நாதியா. ஆறாவது ஆளாக, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ரெண்டி. அவன் முறை வந்ததும், கடைக்கு வாராவாரம் பூச்சி வேண்டும், எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றான். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவள் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று நானும் காத்திருந்தேன்.

"உங்க குட்டிங்க ஒவ்வொண்ணும் எத்தன கிராம்?" என்று கேட்டாள்.

ரெண்டி விழித்தான். "கடையில இருபது உருப்படி இருக்கு இபு. நான் எடை போட்டதில்ல."

"போய் எல்லாத்தையும் எடை போட்டுட்டு வாங்க," என்றாள் வார்தினி. "எது எந்த வயசுப் பூச்சி தின்னும்னு தெரியாம நான் யாருக்கும் குடுக்கறதில்ல."

போனான். மதியத்துக்குள் இருபது எடைகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வந்து, மறுபடி வரிசையில் கடைசியில் நின்றான்.